பதினோரு டப்பாவும் ஒரு பிழைக்காசும்

காசைச் சேர்க்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். செலவழிக்கிறவர்களைத் தெரிந்துகொள்ள வீட்டிலுள்ள கண்ணாடியே போதும். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. கைக்கு வந்த காசை இவர் எண்ண மாட்டார், முடிந்து வைக்க மாட்டார், மனமுவந்து கொடுக்கவும் மாட்டார். உற்றுப் பார்ப்பார். இவர்தான் பிழைக்காசு வேட்டைக்காரர்.

நாணயச் சாலை இயந்திரமும் எப்போதாவது தும்மும். அச்சு ஒரு பக்கமாக விலகி விழும், ஓரம் எலி கடித்ததுபோல் வெட்டுப்படும், ஒரே தலை இரண்டு தடவை பதிந்துவிடும். இப்படிக் கோணலாகப் பிறந்து, மேற்பார்வையாளர் கண்ணுக்கும் தப்பி வெளியே வந்த காசுக்கு, ஒழுங்காகப் பிறந்த காசைவிட ஆயிரம் மடங்கு விலை கொடுக்கிற புண்ணியவான்கள் உலகத்தில் இருக்கிறார்கள். இது உண்மை. இந்த ஒரே உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் நம் ஆள் தொங்குகிறார்.

இந்த இனத்தின் அசல் மாதிரி எங்கள் அலுவலகத்தில், எனக்கு அடுத்த நாற்காலியில் இருக்கிறார். குடிநீர் வரிப் பிரிவு எழுத்தர். நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. கடையில் ஒரு சோப்பு வாங்கிவிட்டு, மீதிச் சில்லறையோடு கல்லாவுக்கு முன்னாலேயே நின்று, பின்னால் ஆறு பேர் காலை மாற்றி மாற்றி நின்று கனைக்க, ஒவ்வொரு காசாக வெளிச்சத்துக்குத் தூக்கி, சாய்த்து, ஓரத்தை நகத்தால் வருடி, பெருமூச்சுவிட்டுப் பையில் போடுவார்.

"என்ன சார், கள்ளக்காசா?" என்று பதறுவார் கடைக்காரர்.

"இல்லப்பா, நல்ல காசுதான்" என்பார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

நல்ல காசைக் கண்டு நொந்துபோகிற மனிதரை வேறெங்கே பார்க்க முடியும்? அவரே தட்டச்சு செய்த வரி நோட்டீஸில் மாதம் மூன்று பிழையாவது இருக்கும். அதைத் தேட அவருக்குக் கண்ணாடியும் கிடையாது, நேரமும் கிடையாது.

வேட்டையின் முதல் வாரமே நாற்பத்து மூன்று அபூர்வக் காசுகள் அகப்பட்டன. தலைப்பக்கத்தை நேராகப் பிடித்துத் திருப்பினால் பூப்பக்கம் தலைகீழாக நின்றது! வீட்டிலிருந்த அத்தனை காசிலும் அப்படியே நின்றது. மேலிருந்து கீழாகத் திருப்பாமல் புத்தகத்தின் தாளைப் போலப் புரட்டிப் பார்க்கச் சொன்னார் அவர் மனைவி. நாற்பத்து மூன்றும் ஒரே நொடியில் நிமிர்ந்துகொண்டன.

அந்த அம்மாள் தையற்காரர். துணி வைக்க வேண்டிய அலமாரியில் பதினோரு பிஸ்கட் டப்பாக்கள், டப்பா நிறையச் 'சந்தேகத்துக்குரிய' காசுகள். துணி நாற்காலியில் கிடந்தது.

ஒரு நாள் பூதக்கண்ணாடி அலுவலகத்துக்கு ஓடி வந்தார். உள்ளங்கையில் ஒரு காசு. ஒரு முகம் வழுவழுவென்று மழுங்கி, மறுமுகத்தின் நடுவில் அழுத்தமாக ஒரு வட்டம். "ரெண்டு தடவை அடிபட்ட காசு சார்! உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கும்!" வீட்டில் ஏதோ ஓர் இடுக்கில் மினுங்கியதைக் கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்தாராம். எந்த இடுக்கு? அது நினைவில்லை. காசைக் கண்டவருக்கு இடுக்கு எங்கே கண்ணில் படப்போகிறது?

மூன்று வாரம் அதை மனைவி கையில்கூடக் கொடுக்காமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார். நான்காவது வாரம் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"கொண்டுபோய்க் காட்டுங்க. பெரிய விலைன்னா அலமாரி முழுக்க உங்களுக்கு. வெறும் காசுன்னா டப்பா பதினொண்ணும் வெளிய."

பழங்காசுக் கடைக்குச் சாட்சியாக என்னையும் இழுத்துப் போனார். வழியெல்லாம் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பதினோரு வருட உழைப்பாயிற்றே! கடைக்கார அம்மாள் காசைப் புரட்டினார். கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை.

"இது நாணயச் சாலையில நடந்த தப்பு இல்ல சார். வீட்டுல நடந்தது."

"அப்படின்னா?"

"வருஷக்கணக்கா எதுக்கோ முட்டுக் கொடுத்திருக்கு. கீழ தரை தேய்ச்சிருக்கு, மேல இரும்புக்கால் அழுத்தியிருக்கு. உங்க வீட்டுல ஏதாவது மேசை ஆடுதா?"

"எங்க வீட்டுல எதுவும் ஆடாது" என்றார் நம்மவர், நெஞ்சை நிமிர்த்தி.

கடைக்கார அம்மாள் கல்லாவுக்கு மேலாக எட்டி அவர் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பேன்ட்டின் வலது கால் செருப்பை மூடியிருந்தது. இடது கால் கணுக்காலுக்கு மேலே நின்றது.

"இதை யாரு தச்சது?"

பூதக்கண்ணாடி இடது காலை வலது காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

நாங்கள் அவர் வீட்டுக்குப் போனதும் மனைவி காசை வாங்கி ஒரே ஒரு பார்வை பார்த்தார். குனிந்து துணி வெட்டும் மேசையின் காலுக்கடியில் செருகினார். மேசையை உலுக்கினார். அசையவில்லை.

"நான் வச்ச காசுங்க இது! மூணு வாரமா வெட்டுறதெல்லாம் கோணல். எட்டுப் பேரு துணியத் திருப்பிக் கொண்டாந்து மூஞ்சியில அடிச்சாங்க. எனக்குத்தான் கை நடுங்குது, இனிமே தொழிலே பண்ண முடியாதுன்னு தினம் அழுதுட்டிருந்தேன். பத்து மடங்கு பெருசாக் காட்டுற கண்ணாடி வச்சிருக்கீங்க, நான் அழுதது தெரியலையா?"

எனக்கே பாவமாக இருந்தது. யாரைப் பார்த்து என்பதில்தான் கொஞ்சம் குழப்பம். பிறகு பூதக்கண்ணாடியே அலமாரியைத் திறந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கினார். அத்தனையும் சில்லறைப் பஞ்சத்தில் தவித்த தெருமுனைக் கடைக்குப் போயிற்று. துணி அலமாரிக்குள் போயிற்று.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? தினமும் மாலையில் அதே கடையில் பெரிய நோட்டை நீட்டி ஒரு தீப்பெட்டி வாங்குகிறார். கடைக்காரர் அவருடைய காசையே அவருக்குச் சில்லறையாகத் தருகிறார். வீட்டில் இப்போது தீப்பெட்டி வைக்க இடமில்லை.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால், 'மேலிருந்து கீழாக' என்று நான் எழுதிய இடத்துக்கு அப்புறம், பாதியில் எழுந்துபோய் ஒரு காசை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தது யார்? பரவாயில்லை, நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அந்தப் பழங்காசுக் கடையில், காட்டிப் பார்க்கலாமென்று, என் பையிலும் ஒரு காசு இருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அதை எங்கிருந்து எடுத்தீர்களோ, அங்கேயே திரும்ப வைத்துவிடுங்கள்.