காரை மட்டும் சரி பண்ணிவிடாதே, தம்பி

அன்பிற்குரிய தம்பிக்கு, அக்கா ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்து சேர்ந்தது. முட்டிவலி குறைந்திருப்பது அறிந்து மனம் நிறைந்தது. எனக்குக் கண் நன்றாக இருக்கிறது. காது, பேசுகிறவர்களைப் பொறுத்து இருக்கிறது.

முதலில் பிள்ளைகள் விவரம். பெரிய பேத்தி லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வைக்கு உயர்ந்துவிட்டாள். இப்போது இருபத்திரண்டு கட்டடங்களில் மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் அவள் பொறுப்பு. சின்னப் பேத்தி கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அந்த இரண்டு மார்க் எங்கே போனது என்று வாத்தியாரைக் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். கடைக்குட்டி நீச்சலில் மூன்றாவதாக வந்தான், முன்னால் வந்த இரண்டு பேருக்கும் கை நீளம் என்பதை நான் நேரிலேயே பார்த்தேன். மூத்த பேரன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவனாகச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது, இந்த வருஷம் கிளை மேலாளர், கீழே பதினோரு பேர். அவன் விஷயமாகத்தான் இந்தக் கடிதம். நீ வரும் பதினைந்தாம் தேதி கருவிப் பெட்டியோடு வந்து, பத்து நாள் தங்கி, எங்களிடம் விட்டுப்போன உன் பழைய காரின் குறைகளையெல்லாம் நீக்கி, உள்ளே கைக்குழந்தையைப் படுக்க வைத்தாலும் விழிக்காதபடி செய்து தருவதாக எழுதியிருக்கிறாய். தம்பி, கையெடுத்துக் கும்பிடுகிறேன், செய்யாதே.

கோபப்படாமல் மேலே படி. பேரன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியது உனக்குத் தெரியும். ஆறு வயதில் அந்த மஞ்சள் கார் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிப் படுக்கைக்கு மேலே ஒட்டியவன், முப்பத்தொரு வயதில், யாரோ ஓட்டி வைத்திருந்ததுதான் என்றாலும், அதே மஞ்சளில் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். இரண்டே இருக்கை. தரையோடு தரையாக இருக்கும். அதில் ஏறுவதற்கு இறங்க வேண்டும், இறங்குவதற்கு ஏற வேண்டும், என்னை இரண்டு கையையும் பிடித்துக் கிணற்றிலிருந்து தூக்குகிற மாதிரிதான் வெளியே எடுப்பான். முதல் மாதம் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. சாப்பிடும்போதுகூட ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். ஆனால் தினமும் அதிலேயே கடைக்குப் போனான், அதிலேயே வந்தான், சிக்னலுக்கு சிக்னல் நின்றான், வேகத்தடை வந்தால் காரின் வயிறு உரசாமலிருக்கக் குறுக்காக ஏற்றி இறக்கினான், பின்னால் வருகிறவனிடம் திட்டு வாங்கினான், ஆறாவது மாதம் முகத்தில் ஒன்றும் இல்லை. "என்னடா, கார் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு பாட்டி. ஆபீஸ் நாற்காலி மாதிரி இருக்கு" என்றான். அடுத்த வாரம் விற்பனைக்கு என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்துவிட்டான். எனக்கு அந்தக் காரின் மேல் ஆசை இல்லை தம்பி, எனக்கு எதற்கு அந்த வேகம்? இருபத்தைந்து வருஷம் ஒரு பொருளை ஆசைப்பட்டுக் கையில் வாங்கியவன், அது கையிலிருக்கும்போதே ஆசையைத் தொலைத்துவிட்டு நிற்கிறானே, இனி எதற்கு ஆசைப்படுவான் என்றுதான் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அப்போதுதான் மஞ்சள் காரில் ஏதோ ஒரு பாகம் உடைந்து, அது வெளிநாட்டிலிருந்து வந்து சேர இருபத்து மூன்று நாள் ஆகும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். கொல்லையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த உன் காரைக் கிளப்பினான். உன் காரைப் பற்றி உனக்கே சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நீ மகள் வீட்டுக்குப் போன பிறகு அதற்கு இன்னும் சில குணங்கள் கூடியிருக்கின்றன. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது, கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத் திறக்க வேண்டும். இரண்டாவது கியர் முதல் தடவை கேட்டால் வராது, விட்டுப் பிடித்துக் கேட்டால் வரும். என் பக்கத்து ஜன்னல் கண்ணாடி தானாகவே சரியும், அதை உள்ளங்கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். முன்னாலிருக்கும் சின்னப் பெட்டியின் மூடி மடியில் விழும், அதை முழங்காலால் முட்டுக் கொடுக்க வேண்டும். ஆக அந்தக் காரில் நானும் பாதி ஓட்டுகிறேன். இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும். அப்படித்தான் மூன்றாம் நாள் கடைத்தெருவில் திரும்பும்போது, நடந்து வந்துகொண்டிருந்த அவன் கண்ணாடிக் கடை முதலாளி பயந்து குதித்துப் பக்கத்திலிருந்த பூந்தொட்டிக்குள் ஒரு காலை வைத்துவிட்டார்.

"என்னைப் பார்த்தா ஹாரன் அடிக்கிறே?"

"ஐயோ, இல்ல சார். இடது பக்கம் திரும்பினேன்."

"அதுக்கு இண்டிகேட்டர் இருக்குல்ல?"

"அது வேலை செய்யாது சார். அதனால இதையே வெச்சுக்கிட்டேன்."

முதலாளி காலை உதறிக்கொண்டே போனார். மேலாளர் பதவி தப்பியது. (பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, பெரிய பேத்தி படுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டாள், அதைப் பற்றி நீ கவலைப்பட்டுக் கிளம்பி வந்துவிடாதே.)

இருபத்து நான்காம் நாள் மஞ்சள் கார் திரும்பி வந்தது, அன்று ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரைக்கு அதை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வருவதாக ஏற்பாடு. "கடைசியா ஒரு சுத்து போய்ட்டு வரலாம், வா பாட்டி" என்று கூப்பிட்டான். ஏரிக்கரை ரோட்டில் போனோம். நான் பழக்கத்தில் வலது முழங்காலைத் தூக்கி எதிரே முட்டுக் கொடுத்துக்கொண்டு, உள்ளங்கையால் ஜன்னல் கண்ணாடியையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் எதுவும் விழவில்லை, எதுவும் சரியவில்லை என்பது உறைத்தது. கையை மடியில் வைத்தேன். அதற்கப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை. அவன் இரண்டாவது கியருக்குத் தோளோடு சேர்த்து இழுத்தான், அது வெண்ணெயில் கத்தி போனது மாதிரி விழுந்தது. "பாட்டி, ஒரே தடவையில விழுந்துடுச்சு!" என்று கத்தினான். திருப்பத்தில் திருப்பினான், கார் நினைத்த இடத்தில் சத்தமில்லாமல் திரும்பியது, பிறகு காலை அழுத்தினான், முதுகை யாரோ அன்பாக இருக்கையோடு அணைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஏரி முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு, இறங்குவதற்குக் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே விட்டுக் கைப்பிடியைத் தேடினான். தேடிக்கொண்டிருக்கும்போதே சிரிக்க ஆரம்பித்தான். ஆறு வயதில் சிரித்த சிரிப்பு தம்பி அது, மூக்கு சுருங்குமே, அது. நானும் சிரித்தேன். எனக்குக் கொஞ்சம் அழுகையும் வந்தது, அவனிடம் காற்று என்று சொன்னேன்.

திரும்பி வந்தால் வாங்க வந்தவர் வாசலில் நிற்கிறார்.

"மன்னிச்சிருங்க சார், விக்கல" என்றான்.

"நீங்கதானே தம்பி பேப்பர்ல போட்டீங்க?"

"அது போன மாசம் இருந்த ஆள் போட்டது சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டி ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அவனே விளக்கிச் சொன்னான். கடையில் கண் பரிசோதிக்கும்போது எடுத்த எடுப்பில் சரியான கண்ணாடியைப் போட்டால் வந்தவர் "ம்" என்று மட்டும்தான் சொல்வாராம். மங்கலான ஒன்றைக் கொஞ்ச நேரம் மாட்டி வைத்துவிட்டு, பிறகு சரியானதைப் போட்டால் "அட!" என்பாராம். "தினமும் நான் நல்ல கண்ணாடியையே போட்டுக்கிட்டு இருந்துட்டேன் பாட்டி" என்றான். அன்றிலிருந்து வாரத்தில் ஆறு நாள் உன் கார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மஞ்சள் கார். சனிக்கிழமை சாயங்காலமே வாளியும் துணியுமாகப் போய் அதைத் துடைக்கிறான். படிக்கட்டில் பாட்டு முனகிக்கொண்டு இறங்குகிறான். பெண் பார்க்கலாமா என்று கேட்டதற்குப் போன வாரம் முதல் முறையாக "பாப்போம்" என்று சொல்லியிருக்கிறான்.

இப்போது சொல். உன் கைமேல் எனக்குச் சந்தேகம் இருந்தால் நான் ஏன் பயப்படப் போகிறேன்? நாற்பது வருஷம் பட்டறை வைத்திருந்தவன், நீ சரி செய்தால் அது சரியாகிவிடும், அதுதான் என் கவலை. ஆறு நாளும் வழவழவென்று போய் வந்தால் ஏழாம் நாள் மஞ்சள் கார் மறுபடி ஆபீஸ் நாற்காலியாகிவிடும், அப்புறம் மறுபடி பேப்பர், மறுபடி யாராவது வாசலில் நிற்பார்கள். எனக்காக இந்த ஒரு காரை விட்டுவிடு. நீ வா, பத்து நாள் இல்லை, ஒரு மாதம் இரு, பெட்டியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வா. கை சும்மா இருக்காது என்றால் வீட்டில் தையல் மிஷின் இருக்கிறது, அதைப் பிரித்துப் போடு, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

உன் மனைவியிடம் நான் விசாரித்ததாகச் சொல். மகள், மாப்பிள்ளை, குழந்தைகள் எல்லாரும் நோய் நொடியில்லாமல், நினைத்தது கைகூடி நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் நலத்தையே நினைத்திருக்கும் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குப் பசை எடுக்கக் கீழே போனேன். கொல்லையில் நீ முன்கூட்டியே அனுப்பிவைத்த உன் சிஷ்யப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். நான் மாடியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்த நேரமெல்லாம் கீழே அவர் வேலை பார்த்திருக்கிறார், பக்கத்து வீட்டில்தான் ஏதோ தட்டுகிறார்கள் என்று இருந்துவிட்டேன். "உள்ளே உக்காந்து கதவைத் திறந்து பாருங்கம்மா" என்றார். திறந்தேன். உள்ளேயிருந்தே திறந்தது. இடது பக்கம் திருப்பிக் காட்டினார், சத்தமே இல்லை. பேரன் வந்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "நல்லா இருக்கு பாட்டி" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டான். அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஆகவே மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே, நான்கு பக்கத்தை அடிக்க மனம் வரவில்லை. உடனே கிளம்பு. பெரிய பெட்டியையே கொண்டு வா. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிக் கொடு, குறிப்பாக அந்தக் கதவை. ஒரு சிக்கல். என் கடிதம் கிடைக்கும் முன்பே வந்துவிடுவாயோ என்று பயந்து, கூடத்தில் மாட்டியிருக்கும் உன் கல்யாணப் போட்டோவை வாசல் வாட்ச்மேனிடம் காட்டி, இந்த ஆள் வந்தால் உள்ளே விடாதே என்று நேற்றுச் சொல்லியிருந்தேன். இப்போது விடச் சொன்னால், "நேத்து விடாதேன்னீங்க, இன்னைக்கு விடுங்கறீங்க. யாராவது மிரட்டறாங்களாம்மா?" என்று கேட்கிறார். மிகவும் கடமையுள்ள மனிதர், தலை நரைத்திருந்தாலும் உன் விடைத்த காதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். அதனால் காது மறைகிற மாதிரி மப்ளர் கட்டிப் புதிதாக ஒரு போட்டோ எடுத்து முதல் தபாலில் அனுப்பு, எனக்கு இன்னொரு தம்பி இருக்கிறான் என்று சொல்லிக்கொள்கிறேன்.