நாக்கு மேஸ்திரி ருசி பார்த்த டம்ளர்

மரக்காணம் உப்பளத்தில் விளைந்த எதுவும் நாக்கு மேஸ்திரியின் நாக்கில் படாமல் வெளியூர் போனதில்லை. ஒரு சிட்டிகையை வாயில் போட்டு, எந்தப் பாத்தியில் வாரிய உப்பு என்று சொல்லிவிடுவார். அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு நிம்மதி.

2005-ல் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக அந்தத் தெருக்களில் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தேன். குழந்தைகளுக்கு இரும்புச்சத்து டானிக். பேதி வந்தால் ஜிங்க் மாத்திரையும் உப்பு-சர்க்கரைப் பொட்டலமும். வெயில் மண்டையைப் பிளக்கும். வீட்டுக்கு வீடு அதே பேச்சைப் பேசி ஓய்ந்துபோய்க் கடைசியில் மேஸ்திரி வீட்டுக்குப் போவேன்.

அவர் நாக்கில் தேறாத எதுவும் அவர் மகள் செல்விக்குக் கிடையாது. டானிக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, "துருப்புடிச்ச ஆணிய ஊற வெச்சுக் கொண்டாந்தியா, நர்சம்மா?" என்பார். நான் நர்ஸ் இல்லை என்று சொல்வதையே விட்டுவிட்டேன்.

ஒரு மழைக்காலக் காலையில் அவர் மனைவி ஓடி வந்தாள். "செல்விக்கு ராத்திரியிலேர்ந்து பேதிம்மா. கண்ணு உள்ள போயிடுச்சு." ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்கு ஓடினேன்; அது வரும்வரை கொடுக்கலாம் என்று உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தேன். மேஸ்திரி டம்ளரைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தார்.

"என்னாம்மா இது, சப்புன்னு இருக்குது? உப்பளத்துல பொறந்த புள்ளைக்கா உப்புக்குப் பஞ்சம்?" உள்ளே போய் ஒரு கைப்பிடி உப்போடு வந்தார்.

"போடாதீங்க மேஸ்திரி! உப்பு கூடினா புள்ளைக்கு ஆபத்து. கண்ணீர் அளவுக்கு மேல கரிக்கக் கூடாது."

"எனக்கே உப்புக்கு அளவு சொல்றியா நீ?"

அப்போது செல்வி அழுதாள். வாய் கோணியது, சத்தம் வந்தது, கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"பாருங்க, அழக்கூட உடம்புல தண்ணி இல்ல" என்றேன்.

மேஸ்திரி பார்த்தார். அவர் கண்ணிலிருந்து வழிந்தது மீசையில் இறங்கியது. பழக்கதோஷம், நாக்கு நீண்டு அதையும் ருசி பார்த்தது. பிறகு டம்ளரில் இன்னொரு வாய். கையிலிருந்த உப்பைக் கீழே போட்டார்.

"சரியாத்தாம்மா இருக்குது. குடு."

செல்வி பிழைத்தாள். அதற்கப்புறம் தெருவில் எந்தக் குழந்தைக்குப் பேதி என்றாலும், மேஸ்திரி ஒரு சொட்டு ருசி பார்த்துத் தலையாட்டினால்தான் டம்ளர் நகரும். பேதி நின்றதும் ஜிங்க் மாத்திரையை நிறுத்துகிற தாய்மார்களை, "ஏம்மா, பாதியில வுட்டா எப்படி?" என்று அதட்டுவார். என் டானிக்கை மட்டும் கடைசிவரை ஆணித் தண்ணி என்றே திட்டினார். திட்டிக்கொண்டே செல்விக்கு ஊட்டினார்.

பிறகெல்லாம் சைக்கிள் முதலில் அவர் வீட்டு வாசலில்தான் நிற்கும். எங்கே இருந்தாலும் அந்த நாக்கு நன்றாக இருக்கட்டும்.