முன்ஜென்ம இண்டெக்சர்

பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்குக் கூடுவதைவிடப் பெரிய கூட்டம், ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தில் கூடிக்கொண்டிருந்தது. மொரப்பூரில் ரயிலைவிட்டு இறங்கி, பஸ் மாறி வந்தார்கள். இண்டூரிலிருந்து டிராக்டரில் குடும்பத்தோடு வந்தார்கள். ஓசூரிலிருந்து காரில் வந்த கம்ப்யூட்டர் படித்தவர்கள் முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கவலை: போன ஜென்மத்தில் நாம் என்ன செய்தோம்? இந்த ஜென்மத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர்களை வரவழைத்தவர் பிளாக்செயின் சித்தர். ரேஷன் கார்டில் மாதவராஜ். காவி வேட்டி, கழுத்தில் ருத்திராட்சம், காதில் புளூடூத். மேடையில் ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்று நீல விளக்கு மினுக்கிக்கொண்டு நிற்கும். அதற்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழ மாலை. பெயர் இண்டெக்சர்.

"சித்திரகுப்தன் இப்ப ஓலையில எழுதறதில்லைங்க. பிளாக்செயின்ல எழுதறான்" என்று சித்தர் மைக்கில் விளக்குவார். "ஒருக்கா எழுதினா எழுதினதுதான். எமனே வந்தாலும் அழிக்க முடியாது. கோடிக்கணக்கான உசுருங்களோட பாவம் அதுல கெடக்குது. அதுல உங்க பாவம் எதுன்னு தேடி எடுக்கறதுதான் இந்த இண்டெக்சர்."

இதில் பாதி உண்மை. பிளாக்செயின் என்பது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுப் பதிவேடு. எழுதியதை அழிக்க முடியாது. வரிசையாக எழுதிக்கொண்டே போவதால் வேண்டியதைத் தேடுவது பெரும்பாடு. அதிலிருந்து வேண்டியதை மட்டும் பொறுக்கி அட்டவணை போடும் புரோகிராமுக்கு இண்டெக்சர் என்றுதான் பெயர். மீதிப் பாதிக்குத்தான் எலுமிச்சம்பழ மாலை.

வாசலில் ஒரு படிவம் தருவார்கள். பெயர், வயது, நோய், கவலை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு அரைமணி காத்திருக்க வேண்டும். பிறகு பெட்டியில் கட்டைவிரலை வைத்தால் முன்ஜென்மப் பாவம் காகிதத்தில் வந்து விழும். மூலையில் கியூஆர் கட்டம். போனில் காட்டினால் பிளாக்செயின் பதிவு தெரியும்: எண்ணும் எழுத்துமாக நீளமான ஒரு கிறுக்கல். யாருக்கும் புரியவில்லை. புரியாததால் நம்பினார்கள்.

மண்டி வியாபாரி ஜமீரும் வரிசையில் நின்றார். "எங்க மார்க்கத்துல போன ஜென்மமே கெடையாதுங்க. இருந்தாலும் கம்ப்யூட்டரே சொல்லுதே" என்றார்.

தக்காளி விவசாயி நஞ்சப்பனுக்குச் சர்க்கரை வியாதி. வலது பாதத்தில் ஆறாத புண். உடனே ஆஸ்பத்திரியில் வந்து படுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நஞ்சப்பன் மண்டபத்துக்குப் போனார். போன ஜென்மத்தில் அதியமான் படையில் குதிரைக்காரனாக இருந்து, நொண்டிக் குதிரை ஒன்றை எட்டி உதைத்தவர் என்று காகிதம் வந்தது. பரிகாரம்: நாற்பத்தெட்டு நாள் காலில் செம்புச் சங்கிலி. அதுவரை மருந்து தொடக்கூடாது. தட்சிணை தனி.

ஒன்பதாம் நாள் புண் நாற்றம் எடுத்தது.

"மாமா, ஆஸ்பத்திரிக்குப் போலாங்க. வெரலு கறுத்துட்டு வருது" என்றாள் மருமகள் கலைமதி.

"இன்னும் முப்பத்தொம்பது நாளு கண்ணு."

"அதுவரைக்கும் காலு இருக்கணுங்களே."

"இண்டெக்சரு பொய் சொல்லாது."

"சொல்லாதுங்க. எனக்கும் தெரியும்" என்றாள் கலைமதி. பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே அவள் பார்க்கும் வேலையே இண்டெக்சர் அமைத்து ஓட்டுவதுதான். ஐந்து வருடமாக வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை.

சனிக்கிழமை காலை மாமனாரின் காகிதத்தை வாங்கினாள். கியூஆர் கட்டத்திலிருந்து, பிளாக்செயினில் சித்தர் எழுதிவந்த இடத்தின் முகவரி கிடைத்தது. பிளாக்செயினில் எந்த முகவரி, எந்தப் பதிவிலிருந்து படிக்க வேண்டும், எதைப் பொறுக்க வேண்டும் என்று மூன்றையும் தன் இண்டெக்சருக்குச் சொல்ல வேண்டும். முதலில் ஆரம்ப இடத்தைக் குறிக்க மறந்து ஓடவிட்டாள். அது ஆதிகாலத்திலிருந்து மேயத் தொடங்கியது. நிறுத்தி, சித்தர் கடை திறந்த நாளிலிருந்து படிக்கச் சொன்னாள். நடுவில் கரண்ட் போனது. வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மதியத்துக்குள் கிறுக்கல் எல்லாம் தமிழாகிவிட்டது. அறுநூற்றுச் சொச்சம் பேரின் பாவங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதப்பட்ட நேரம்.

"உங்க குதிரப் பாவத்த என்னிக்கு எழுதிருக்காங்க பாருங்க மாமா. போன வாரம் வியாழக்கெழம, பதினொரு மணிக்கு. நீங்க படிவம் குடுத்து கால்மணி கழிச்சு."

நஞ்சப்பன் திரையைப் பார்த்தார். "நீ ஏதாச்சும் தப்பா அழுத்தியிருப்ப கண்ணு."

ஞாயிற்றுக்கிழமை அவரையும் மாமியார் பாஞ்சாலியையும் கூட்டிக்கொண்டு கலைமதியே மண்டபத்துக்குப் போனாள். ஒரு படிவம் வாங்கினாள். பெயர்: லட்சுமி. குழந்தைகள்: மூன்று. நோய்: கால் வீக்கம். கவலை: பால் வற்றிவிட்டது. வயதைக் காலியாக விட்டாள். அதைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்தாள். இருபது நிமிடத்தில் புதிய வரி ஒன்று விழுந்தது. பக்கத்திலிருந்த ஜமீரிடம் காட்டினாள். அவர் மண்டியில் ஏலம் கூவும் குரலில் வாசித்தார்:

"லட்சுமி, முன்ஜென்மத்தில் அரண்மனைச் செவிலித்தாய். அழுத இளவரசிக்குப் பால் கொடுக்க மறுத்தவள்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் லட்சுமி என்று மைக்கில் கூப்பிட்டார்கள். கலைமதி மேடையேறிக் கட்டைவிரலை வைத்தாள். காகிதம் வந்தது. சித்தர் ஒரு கணம் கண்மூடித் திறந்து வாசித்தார். ஜமீர் வாசித்ததில் ஓர் எழுத்து மாறவில்லை.

"வெரலு வெக்கறதுக்கு முன்னாடியே எப்படிங்க சாமி வந்துச்சு?" என்று கேட்டார் ஜமீர்.

"தெய்வத்துக்கு முன்னென்ன, பின்னென்ன" என்றார் சித்தர். "அம்மா லட்சுமி, பாவத்த ஒத்துக்க."

"லட்சுமி வரலீங்க. வூட்ல கட்டியிருக்கோம். அது எங்க எருமைங்க" என்றாள் கலைமதி.

முதலில் பாஞ்சாலிதான் சிரித்தாள். பிறகு மண்டபமே சிரித்தது. ஜமீர் சமையல்கட்டுத் திரையை விலக்கினார். அங்கே இரண்டு பேர் படிவங்களைப் பார்த்துப் பாவங்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு பிரிண்டர், ஒரு மேசை விசிறி, கல்யாண வீட்டுச் சீரியல் விளக்கு. சித்தர் பின்வாசலைத் தேடியபோது, கலைமதி முதல் நாளே சொல்லிவைத்திருந்த போலீஸ் அங்கே நின்றது.

அன்று மதியமே நஞ்சப்பனைத் தர்மபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு விரல் போனது. கால் தப்பியது. கட்டுப் போட்ட பாதத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அந்தக் குதிரைய நான் உதைக்கவே இல்லியா கண்ணு?"

"இல்லீங்க மாமா. சக்கரைங்க."

"பத்து நாளா அதுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுவாரம் கலைமதி கதவைத் திறந்தபோது வாசலில் இருபது பேர் நின்றார்கள். கையில் தேங்காய், வெற்றிலை பாக்கு. முன்னால் நின்ற கிருஷ்ணப்பன் பயபக்தியோடு கும்பிட்டார்.

"சித்தரு வாயத் தெறக்கறதுக்கு முன்னாடியே நீ சொல்லிட்டியேம்மா. உன் பெட்டிதான் அசலு. எங்களுக்கும் பாத்துச் சொல்லு."

கலைமதி தேங்காயைக் கையில் வாங்கவில்லை.

"இதுல எவனோ எழுதினதுதாங்க வரும். உங்களுக்குன்னு கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்குது. இன்னும் உறை பிரிக்காம வெச்சிருக்கீங்க. வூட்டுக்குப் போயி மொதல்ல அத ஓட்டிப் பாருங்க."