கதவு சாத்துவதில் மூன்று வகை

தன் சொற்பொழிவுக்கு ஊரே திரண்டு வந்தாலும் வரட்டும், மனைவி மட்டும் வரக் கூடாது என்று நாடகத்துறைப் பேராசிரியர் கங்கணம் கட்டிக்கொண்டார்.

இலக்கியம், வரலாறு, ஓவியம் என்று மாதம் ஒரு துறையாகப் பொதுச் சொற்பொழிவு நடத்திவந்தது அவருடைய பல்கலைக்கழகம். இந்த மாதம் அவர் முறை. தலைப்பு, ‘மேடையில் கதவு’. ஓர் ஆள் கதவைச் சாத்தும் விதத்திலேயே அவர் மனசைக் காட்டிவிடலாம் என்பது பேராசிரியரின் கட்சி. அதில் மூன்று வகை கண்டுபிடித்திருந்தார். படாரென்று அறைந்தால், பக்கத்து வீட்டுக்கும் தெரியட்டும் என்று பொருள். இரண்டு தடவை லேசாகத் தள்ளினால், வந்து என்னவென்று கேள் என்று பொருள். விரற்கடை இடைவெளி விட்டால், முணுமுணுப்பு உன் காதில் விழட்டும் என்று பொருள். இதற்காக அவர் எந்த நூலகத்துக்கும் போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து, வீட்டுக் கதவுக்கு வெளிப்பக்கம் நின்றே செய்த ஆராய்ச்சி.

இது அவளுக்குத் தெரியவே கூடாது. ரொம்ப வறட்டு விஷயம், அறிஞர்கள்தான் வருவார்கள், உனக்குத் தூக்கம் வந்துவிடும் என்று பக்குவமாகச் சொல்லிவைத்தார். அவள் “சரி” என்றாள். அவள் இத்தனை சுலபத்தில் சரி என்று சொன்னதே கிடையாது. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சொற்பொழிவு நாளன்று அரங்கத்துக்குள் நுழைந்தவர் முதல் வரிசையைப் பார்த்தார். நட்டநடுவில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள். குனிந்து காதோரமாக, நீ எப்படி இங்கே என்றார்.

“நோட்டீஸ்ல பாத்தேன். பொதுமக்கள் அனைவரும் வருகன்னு போட்டிருந்துச்சு.”

“நான் உன்னைக் கூப்பிடலையே.”

“நீங்க கூப்பிடல. பல்கலைக்கழகம் கூப்பிட்டுச்சு. நான் பொதுமக்கள் இல்லையா? போய்ப் பேசுங்க, எல்லாரும் பாக்கறாங்க.”

பேசினார். மூன்று வகையையும் அப்படியே விழுங்கிவிட்டார். மிச்சமிருந்தது மரமும் கீலும் தாழ்ப்பாளும்தான். தச்சுப்பட்டறைக்கு வந்துவிட்டோமோ என்று கூட்டம் விழித்தது. ஒரு மணி நேரப் பேச்சு, வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துபோனது. தலைமை வகித்த டீன் பதறிப்போய், யாருக்காவது கேள்வி உண்டா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். முதல் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அவள் கைதான்.

“கேள்வி இல்லைங்க. முக்கியமான பகுதியை விட்டுட்டார். தினமும் குளிக்கும்போது சத்தம் போட்டு ஒத்திகை பாத்தார், பாவம், மறந்துட்டார் போல. நான் சொல்லட்டுமா?”

டீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மைக்கை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் மேடையேறி, பக்கவாட்டுக் கதவை மூன்று விதமாகவும் சாத்திக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் கணவன் என்ன செய்வார் என்பதையும் சேர்த்து நடித்தாள்: முதலாவதற்குப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைப்பது, இரண்டாவதற்குக் குறட்டை விடுவது, மூன்றாவதற்கு வேண்டாத சாமான் வாங்கக் கடைக்கு ஓடுவது. அரங்கம் வயிறு வலிக்கச் சிரித்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பேராசிரியரும் சிரித்துவைத்தார்.

“ஆராய்ச்சி நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலாவது வகை ஒண்ணு இருக்கு, அது இவருக்குத் தெரியாது. சத்தமே இல்லாம சாத்தறது.”

அதற்கு என்ன பொருள் என்று டீன் ஆர்வமாகக் கேட்டார்.

“இதுவரைக்கும் தேவைப்படலைங்க” என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள்.

கைதட்டல் அடங்கவில்லை. அடுத்த மாதச் சொற்பொழிவு இந்த அம்மாவுடையது என்று டீன் அங்கேயே அறிவித்தார். வரவேற்புரை, பேராசிரியர்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் கலகலவென்று பேசிக்கொண்டு வந்தாள். கோபமில்லையே என்று கேட்டார். எனக்கென்ன கோபம் என்றாள். அவருக்குப் பாதி உயிர் வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் அறைக்குள் போனாள். இவர் கூடத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டார். மூன்றில் எதுவானாலும் சரி, படாரென்று அறைந்தால்கூடக் கும்பிடுவார்.

கொஞ்சம் பொறுத்தும் சத்தம் வராததால் எட்டிப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது.