தாழ்ப்பாள் மன்றம்

தாழ்ப்பாள் மன்றத்தில் ஒரு ஈ காக்காய்கூடச் சேராது என்ற நம்பிக்கையில்தான் ஸ்க்ரூ சார் அதற்கு அந்தப் பெயரையே வைத்தார். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இயற்பியல் ஆய்வகத்தை விட்டு வெளியே காலெடுத்து வைத்தவர், வைத்த காலை அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வாசலில் பதினான்கு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"சார், தாழ்ப்பாள் மன்றம் இங்கதானே?" என்று கேட்டாள் முன்னால் நின்ற பெண். பத்தாம் வகுப்புக்காரி. அவள் ரகசியம் பேசினாலே பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிடும் என்பதால் பள்ளிக்கூடமே அவளை மைக் என்று கூப்பிட்டது.

"ஆமா. ஆனா நீங்க எதுக்கு வந்தீங்க?"

"சேரத்தான் சார்."

சார் பையைத் தோளிலிருந்து இறக்கினார். அந்த வருடம் தலைமையாசிரியை புதிதாக ஒரு உத்தரவு போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை பள்ளி விட்ட பிறகு இரண்டு மணி நேரம் ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு மன்றம் நடத்தவேண்டும். பிள்ளைகள் யாரும் சேராத மன்றம் தானாகவே கலைந்துவிடும், அந்த ஆசிரியர் வீட்டுக்குப் போகலாம். மற்றவர்கள் சதுரங்கம், நாடகம், பாட்டு என்று முண்டியடித்து எழுதிக் கொடுத்தபோது, இவர் மட்டும் உத்தரவின் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுத் தாழ்ப்பாளைத் தேர்ந்தெடுத்தார்.

அவர் சோம்பேறி இல்லை. அவருக்கு வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் இருந்தாகவேண்டும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு வாரத்தில் அந்த ஒரு மதியம்தான் விடுமுறை. அன்றைக்குக் கூடமாட இருந்து உதவாவிட்டால் அவள் பாவம் தனியாக என்ன செய்வாள் என்பது அவர் கவலை. சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கும். பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். போன ஒரு மாதத்தில் மட்டும் குளிர்சாதனப் பெட்டியின் கதவைச் சுவர்ப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றியிருந்தார். சமையலறைச் சாமான்களை அகர வரிசையில் அடுக்கியிருந்தார். அதில் அரிசி கைக்கெட்டும் இடத்துக்கு வந்தது. வெங்காயம் ஏணி போட்டு ஏறும் உயரத்துக்குப் போய்விட்டது. அழைப்பு மணியையும் சரிபார்த்திருந்தார். அது இப்போது மின்விசிறி ஓடினால் மட்டுமே அடித்தது.

இவ்வளவு வேலை கிடக்க, இங்கே பதினான்கு பேர்.

முதல் நாளே விரட்டிவிட்டால் நன்றாக இருக்காது என்று நினைத்து, இது விளையாட்டு மன்றம் இல்லை, ஆராய்ச்சி மன்றம், அடுத்த வாரம் ஆளுக்கு ஒரு பழைய தாழ்ப்பாள் கொண்டுவராதவர்களுக்கு இடமில்லை என்று கறாராகச் சொல்லி அனுப்பினார். இந்தக் காலத்தில் பழைய தாழ்ப்பாளுக்கு எங்கே போவார்கள்?

அடுத்த வெள்ளிக்கிழமை பதினான்கு பேரும் பதினான்கு தாழ்ப்பாளோடு வந்தார்கள். எண்ணெய் போட்டுத் துடைத்து, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் ஒரு தகப்பனாரும் வந்தார். தூக்கமில்லாத கண்ணோடு தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க வீட்டுக் குளியலறைக் கதவுல இருந்ததைப் பொண்ணு கழட்டிட்டு வந்துட்டா டீச்சர். உள்ள ஆள் இருக்குன்னு தெரியறதுக்கு நாலு நாளா நான் பாடிக்கிட்டே குளிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரங்க காலி பண்றேங்கறாங்க."

விசாரித்தால், பதினான்கு வீட்டிலும் இதே கதைதான். தலைமையாசிரியை ஸ்க்ரூ சாரைக் கூப்பிட்டு, கழற்றியதையெல்லாம் அந்தந்த வீட்டில் போய் மாட்டிக்கொடுக்கச் சொன்னார். எப்போது? வெள்ளிக்கிழமைதான், வேறெப்போது. மூன்று வெள்ளிக்கிழமைகள் அவர் பிள்ளைகள் புடைசூழ வீடு வீடாகப் போய்த் தாழ்ப்பாள் மாட்டினார். இரண்டு மணி நேர மன்றம் மூன்று மணி நேரமானது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் குற்றவாளிபோல நின்றார்.

"என்னங்க பண்றது, பசங்க ஆசையா கேக்கறாங்கல்ல" என்றாள் அவள். "நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன். என்னைப் பத்தி நினைக்காதீங்க."

எவ்வளவு பெரிய மனசு என்று அவர் நெகிழ்ந்துபோனார். அலமாரியைப் பார்த்தார். வெங்காயம் கீழே இறங்கியிருந்தது. பாவம், தனியாளாக ஏணியில் ஏறியிருக்கிறாள்.

இதற்கு ஒரு முடிவு கட்டியாகவேண்டும் என்று தேர்வு வைத்தார். கொண்டிக்கும் நாதாங்கிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பக்கத்துக்கு மிகாமல் விளக்கவேண்டும். கதவே இல்லாத அறைக்குத் தாழ்ப்பாள் தேவையா என்று விவாதிக்கவேண்டும். பாதிக்குக் கீழே வாங்கினால் வெளியே. பிள்ளைகள் கூடுதல் தாள் வாங்கி எழுதினார்கள். எல்லோரும் தேறினார்கள். மைக் மட்டும் இரண்டு மதிப்பெண் குறைகிறது என்று மறுகூட்டல் கேட்டாள். அதைத் திருத்துவதில் அவருடைய ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று.

பிறகு உராய்வு விசையைப் பற்றி, ஏற்ற இறக்கமே இல்லாத குரலில், ஒன்றரை மணி நேரம் பேசிப் பார்த்தார். கடைசி வரிசையில் இரண்டு பேர் குறட்டை விட்டார்கள். அப்பாடா என்று அவர் மூச்சு விடும்போது, விழித்துக்கொண்ட இருவரும் பாதியை விட்டுவிட்டோம், முதலிலிருந்து சொல்லுங்கள் சார் என்று கெஞ்சினார்கள். தலைவலி என்றார், மாத்திரையும் தண்ணீரும் மேசைக்கு வந்தன. ஒரு நாள் கடைசி மணிக்கு முன்பே நழுவி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பின்வாசல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்கு வெளியில வகுப்பா சார்?" என்றாள் மைக். பின்னால் பதின்மூன்று பேர், கையில் நோட்டோடு.

இவர்கள் படிப்பில் இவ்வளவு அக்கறை காட்டியிருந்தால் பள்ளிக்கே தேர்ச்சி விகிதம் ஏறியிருக்குமே என்று அவருக்கு ஆச்சரியம். அதே பிள்ளைகள் அவருடைய இயற்பியல் வகுப்பில் ஜன்னல் வழியாக வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியில் அவருக்கு உதவியது ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரிதான். உதவியது என்றுதான் அவர் நினைத்தார். தலைமையாசிரியை அறைக்கதவின் உட்புறத்தில் மன்றத்தார் தங்கள் கையால் செய்த தாழ்ப்பாளைப் பொருத்தியிருந்தார்கள். அதிகாரி ரகசியமாக ஏதோ பேசவேண்டும் என்று அதை இழுத்துப் போட்டார். பேசி முடித்துத் திறக்கப் போனபோது கைப்பிடி மட்டும் அவர் கையோடு வந்துவிட்டது. தாழ்ப்பாள் கதவோடு தங்கிவிட்டது.

ஸ்க்ரூ சார் சாவித்துவாரம் வழியாக உள்ளே யோசனை சொன்னார். ஒவ்வொரு யோசனைக்கும் தாழ்ப்பாள் இன்னும் கொஞ்சம் இறுகியது. ஒரு மணி நேரம் கழித்து ஜன்னல் கம்பியை அறுத்து, ஏணி வைத்து, முதலில் அதிகாரியையும் அப்புறம் தலைமையாசிரியையையும் இறக்கினார்கள். அதிகாரியின் கால்சட்டையில் சுண்ணாம்பு. தலையில் சிலந்தி வலை. மன்றம் இன்றோடு ஒழிந்தது என்று மனதுக்குள் குதித்துக்கொண்டே ஸ்க்ரூ சார் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

அதிகாரி கையில் இருந்த கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் சர்வீஸ்லயே இப்படி ஒரு உறுதியான வேலையை நான் பாத்ததில்ல. எக்காரணத்தைக் கொண்டும் இந்த மன்றத்தை நிறுத்தக் கூடாது."

அன்று மாலை மேலதிகாரியோடு அவருக்கு ஒரு கூட்டம் இருந்தது. உள்ளே அடைபட்டதில் அந்தக் கூட்டம் தவறிப்போனது. அதில் அவர் வாங்கவேண்டியிருந்த திட்டும் தவறிப்போனது. இது மற்றவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்குத்தான் ஸ்க்ரூ சார் மனதில் ஏதோ புரண்டது. விரட்ட விரட்ட வருகிறார்கள். தூங்கி எழுந்தும் கேட்கிறார்கள். அதிகாரியே பாராட்டுகிறார். தன்னிடம் தனக்கே தெரியாத ஏதோ ஒரு ஈர்ப்பு இருக்கிறது போலிருக்கிறதே? குளிக்கும்போது கண்ணாடியில் முகத்தை ஒரு தடவை பக்கவாட்டில் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் அவரே முதல் ஆளாகப் போய் நாற்காலி போட்டார். தாழ்ப்பாள் முடிந்து கீல் தொடங்கியது. கீலுக்குப் பிறகு பூட்டு என்று அடுத்த ஆண்டு வரைக்கும் திட்டம் போட்டுவிட்டார்.

ஆண்டு விழாவுக்குப் புதுச் சட்டை எடுத்தார். சிறந்த மன்றத்துக்கான விருது யாருக்கு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நன்றியுரையைத் தலையணைக்கு எதிரே நின்று நாலு தடவை பேசிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் ஒரு ஆண்டு விழாவுக்கும் எட்டிப் பார்க்காத மனைவி, கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்ததில் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

சிறந்த மன்றம் என்று நாடக மன்றத்தை அறிவித்தார்கள். ஸ்க்ரூ சாரின் முகம் தொங்கிப்போனது. ஆனால் அடுத்தபடியாக, ஆண்டின் சிறந்த சேவைக்கான விருது என்று அறிவிப்பு வந்ததும், அவருடைய பதினான்கு பிள்ளைகளும் எழுந்து மேடைக்கு நடந்தார்கள். வீடு வீடாகப் போய்த் தாழ்ப்பாள் மாட்டியது வீண்போகவில்லை. கூப்பிடாமலே அவரும் பின்னால் ஏறி, ஒலிவாங்கியைப் பிடித்து, தாழ்ப்பாள் சிறியதுதான், ஆனால் ஒரு வீட்டின் நிம்மதி அதில்தான் இருக்கிறது என்று தொடங்கிக் கால் மணி நேரம் பேசினார். நிம்மதி என்ற வார்த்தை வந்தபோதெல்லாம் அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் மனைவி எழுந்து நின்று கைதட்டினாள்.

கீழே இறங்கும்போது மைக் கையிலிருந்த கேடயத்தை வாங்கிப் பார்த்தார். சமூக சேவைக் குழு என்று பொறித்திருந்தது.

"என்னம்மா இது, தாழ்ப்பாள்னு ஒரு வார்த்தைகூட இல்லையே?"

மைக் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினாள். "வருஷ ஆரம்பத்துல, யாருக்கு என்ன உதவி வேணும்னு நாங்க வீடு வீடாப் போய்க் கேட்டோம் சார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்களை மட்டும் கொஞ்ச நேரம் பள்ளிக்கூடத்துலயே வெச்சுக்க முடியுமான்னு கேட்டது உங்க வீட்டு அம்மாதான் சார். இப்ப சனிக்கிழமையும் முடியுமான்னு கேக்கறாங்க."