இன்னும் கொஞ்சம் நீளம்

‘பாதியில் எனக்குத் தூக்கம் வந்தது’ என்று டைப் அடித்துவிட்டு டெஸ்மண்ட் பில்பீம் நிமிர்ந்தபோது, தோளுக்குப் பின்னால் வீட்டுக்காரம்மா நின்றிருந்தார்.

“டீ கொண்டாந்தேன். எங்க காலின் கச்சேரியப் பத்தியா எழுதுறீங்க?” என்றார் மிஸஸ் டிராண்டர். “கண்ணாடி கீழ இருக்கு. என்ன எழுதியிருக்கீங்கன்னு நீங்களே படிச்சுக் காட்டுங்களேன்.”

லண்டனில் லூவிஷம் பக்கம் அந்த மாடியறையைப் போலச் சுத்தமான, வெந்நீர் வருகிற இடம் டெஸ்மண்டுக்கு வேறு கிடைக்காது. மிஸஸ் டிராண்டரைப் போலக் ‘கிட்னி பை’ என்ற இறைச்சிப் பண்டம் செய்கிறவரும் கிடைக்கமாட்டார். அவருடைய ஒரே மகன் காலின், பகலில் எரிவாயு அலுவலகத்தில் குமாஸ்தா. சனிக்கிழமைகளில் ‘மார்பிள் ஹெரன்’ என்ற குழுவில் ஆர்கன் வாசிப்பவன். முந்தைய சனிக்கிழமை ஒரே பாட்டை இருபது நிமிடம் வாசித்திருந்தார்கள். அதைப் பற்றி எழுதும்படி ‘ஹார்மனி வீக்லி’ பத்திரிகை டெஸ்மண்டைப் பணித்திருந்தது.

டெஸ்மண்ட் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பாதியில் எனக்கு... துக்கம் வந்தது. இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுமே என்று. இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்.”

மிஸஸ் டிராண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று டெஸ்மண்டுக்கு இரண்டு துண்டு கிட்னி பை கிடைத்தது. வேறு வழியில்லாமல், படித்துக் காட்டியதையே டைப் அடித்து அனுப்பினார்.

பத்திரிகை வந்த அன்று காலின் படிக்கட்டில் வழிமறித்தான்.

“மிஸ்டர் பில்பீம், இன்னும் நீளமாவா?”

“ஆமாப்பா.”

“நிஜமாவா சொல்றீங்க?”

“பின்ன, பொய்யா எழுதுவேன்?”

காலின் வாயடைத்து நின்றான். பையனுக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று டெஸ்மண்ட் நினைத்துக்கொண்டார்.

அடுத்த கச்சேரியில் அதே பாட்டு இரண்டு மடங்கு நீண்டது. நடுவில் ஒரு பெரிய வெண்கலத் தட்டை அடித்துவிட்டு, அதன் ஓசை அடங்கும்வரை எல்லோரும் கண்ணை மூடி நின்றார்கள். கேட்க வந்த கல்லூரி மாணவர்களும் கண்ணை மூடினார்கள். டெஸ்மண்ட் ஏற்கெனவே மூடியிருந்தார்.

பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார்.

“வாய்யா பில்பீம்! உன் கட்டுரைக்கு வந்த கடிதத்தப் பாரு, மூட்டை மூட்டையா. இதுக்கு ப்ரோக்ரஸிவ் ராக்னு பேராம். இனிமே நீதான் இதுக்கு நிபுணன்.”

“சார், எனக்கு டான்ஸ் பாட்டுதான் பிடிக்கும். மூணு நிமிஷத்துல முடியற மாதிரி.”

“அது எல்லாருக்கும் பிடிக்குமேய்யா! இத உக்காந்து கேக்கத்தான் நம்ம ஆபீஸ்ல ஆள் இல்ல. போ, போ.”

மாட்டேன் என்றால் வேலை போகும். உண்மையை எழுதினால் அறை போகும். டெஸ்மண்ட் யோசித்து ஒரு தந்திரம் செய்தார். ‘புல்லாங்குழல் இல்லாமல் இந்த இசை முழுமை பெறாது’ என்று எழுதினார். குழுவில் ஒருவருக்கும் குழல் வாசிக்கத் தெரியாது. கற்றுக்கொள்வதற்குள் கொஞ்ச நாள் ஓய்வு கிடைக்குமே!

கற்றுக்கொள்ளும் வேலை மிஸஸ் டிராண்டர் வீட்டில், டெஸ்மண்டின் அறைக்கு நேர் கீழே நடந்தது. கற்றவர் டிரம்மர் நார்மன். பருத்த, பேசாத மனிதர். குழலுக்குள் அவர் ஊதிய காற்றில் பாதி ஒலியாகவும் மீதி பெருமூச்சாகவும் வெளியே வந்தது. டெஸ்மண்டுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. முன்பு சனிக்கிழமை மட்டும் கேட்டதை இப்போது தினமும் கேட்டார்.

‘இதற்குத் தேவை ஒரு பாடகர் குழாம், தேவாலயத்தில் பாடுவதைப் போல’ என்று அடுத்து எழுதினார். எந்தத் தேவாலயம் இவர்களோடு சேரும்?

“ஏன் மிஸ்டர் பில்பீம், இத முன்னாடியே சொல்லக்கூடாதா?” என்றார் மிஸஸ் டிராண்டர். “எங்க சர்ச் குவயர்ல நானே பாடறேனே!”

அடுத்த கச்சேரியில், வெள்ளை அங்கி அணிந்த மெதடிஸ்ட் சபைப் பெண்மணிகள் வரிசையாக நின்று, அட்லாண்டிஸ் என்ற தீவு கடலில் மூழ்கியதைப் பற்றி உச்சக்குரலில் பாடினார்கள். முன்வரிசையில் வீட்டுக்காரம்மா நின்று டெஸ்மண்டையே பார்த்துப் பாடினார். இனி ஒரு வார்த்தைகூடக் குறையாக எழுத முடியாது.

வருடங்கள் ஓடின. ‘மார்பிள் ஹெரன்’ பெரிய குழுவாயிற்று. டெஸ்மண்டும் பெரிய ஆளானார். அவர் எழுதிய முன்னுரை இல்லாமல் அந்த வகை இசைத்தட்டு வெளிவருவதில்லை. பல்கலைக்கழகங்கள் பேச அழைத்தன. அறைக்குத் திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு, ரேடியோவைக் காதோடு வைத்து டான்ஸ் பாட்டுக் கேட்பார்.

ஒரு நாள் காலின் எரிவாயு அலுவலக வேலையை விட்டுவிட்டான்.

“நிரந்தர வேலை. அதையே விட்டுட்டான்,” என்றார் மிஸஸ் டிராண்டர். “உங்க வார்த்தைய நம்பித்தான் நானும் சரின்னேன். நீங்க பொய் சொல்ற ஆள் இல்லையே.”

அன்று டெஸ்மண்ட் கிட்னி பையைத் தொடவில்லை. தூங்கிய கச்சேரிகளைப் பற்றி எழுதியதுகூட உறுத்தவில்லை. ஒரு பையனின் வாழ்க்கை தன் பொய்யின் மேல் நிற்பதுதான் உறுத்தியது. அடுத்த கச்சேரி முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார். அறை போனால் போகட்டும்.

அந்தக் கச்சேரி நகரின் பெரிய அரங்கில் நடந்தது. பாட்டு ஒன்றுதான். இடைவேளைக்கு முன் பாதி, பின் பாதி. முடிந்ததும் டெஸ்மண்ட் மேடைக்குப் பின்னால் போனார். பொன்சரிகை அங்கியோடு காலின் ஒரு வாளித் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டிருந்தான். குழலைத் துடைத்தபடி மூலையில் நார்மன்.

“காலின், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்பா,” என்றார் டெஸ்மண்ட்.

காலினின் முகம் வெளுத்தது. “இன்னும் நீளமா வேணுமா, மிஸ்டர் பில்பீம்?”

டெஸ்மண்ட் வாயைத் திறந்தார். அதற்குள் நார்மன் எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றார்.

“போதும் சார்,” என்றார், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக. “உங்க மனசு நோகக்கூடாதுன்னு இவன் சொல்லமாட்டான், நான் சொல்றேன். அன்னிக்கு அந்தப் பாட்டு இருபது நிமிஷம் ஓடினதே, எப்படி முடிக்கிறதுன்னு எங்களுக்கு மறந்துபோனதாலதான் சார்!”