கார்டியின் ரகசியக் குழி

"வெண்டல், கார்டியோட குழி எங்க இருக்குன்னு நம்ம வலைப்பூவுலயே போட்டிருக்காமே?"

தூண்டில் கடையின் கல்லாவில் இருந்த லொரெய்ன் காபியை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். வெண்டலின் டோனட் வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

உறைந்த ஏரியில் குழி போட்டு மீன் பிடிக்கிற அந்த மினசோட்டா ஊரில், கடை முதலாளி கார்டி பாதிக் கடவுள். சனிக்கிழமைதோறும் ஒரு படம் அனுப்புவார். பனி, அதன்மேல் ஆறு வால்ஐ மீன், பக்கத்தில் அவர் பூட்ஸ். அவ்வளவுதான். ஒரு மரம் தெரிந்தால்கூட இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்களாம். போன வருஷம் அவர் வண்டிக்குப் பின்னால் போன கடை ஊழியர் டேலுக்கு அன்று சாயங்காலமே வேலை போனது.

படத்தைக் கடை வலைப்பூவில் பதிவாகப் போடுவது வெண்டலின் வேலை. சோம்பல் பட்டு நேற்று ஒரு நிரல் எழுதியிருந்தான். கார்டியின் மெயில் வந்ததும் அதுவே ஏபிஐ என்ற நிரல் வாசல் வழியாக வலைப்பூவுக்குள் போய்ப் பதிவிடும், வாசகர்களுக்கு மெயிலும் தட்டிவிடும். வேகம் பிடித்துப்போய், மூன்று குளிர்காலப் பழைய படங்களையும் அதிலேயே ஏற்றிவிட்டான்.

படத்துக்குள் ஒளிந்திருந்த விவரம் அத்தனையையும் நிரல் சேர்த்தே அனுப்பியிருந்தது. எடுத்த இடம் உட்பட. ஒவ்வொரு பதிவின் அடியிலும் அட்சரேகை, தீர்க்கரேகை.

வெண்டல் திரையில் அந்த எண்களை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டான். 'சத்தியமா எனக்கு இடம் தெரியாது கார்டி' என்று நாளைக்குச் சொல்ல வேண்டுமே.

போன் அடித்தது. பழைய வாடிக்கையாளர் ஆர்விட்.

"மூணு வருஷமும் ஒரே இடமாப்பா? அதுக்குக் கீழ என்ன, மீனுங்களுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியா?"

"அது தப்பான நம்பர் ஆர்விட்."

"தப்புன்னா ஏன் கிசுகிசுன்னு பேசற?"

வெண்டல் நிரலை நகலெடுத்து, அதில் இட விவரத்தை நீக்கி ஓட்டினான். பழைய பதிவுகள் திருந்தவில்லை. அவற்றுக்கு மேல் புதிதாக இன்னொரு செட் வந்து உட்கார்ந்தது. வாசகர்களுக்கு மறுபடியும் மெயில் மழை.

"எனக்கே நூறு மெயில் வந்துடுச்சு" என்றாள் லொரெய்ன். "பார்க்காதவனும் இப்ப பார்த்திருப்பான்."

எல்லாவற்றையும் அழிக்க ஒரு நிரல் எழுதினான். அது புதியதிலிருந்து தொடங்கி, இடம் சொல்லாத நல்ல பதிவுகளாகத் தேடித்தேடி அழித்தது. கடைசி நல்ல பதிவு போனதும் ஏபிஐ பதில் அனுப்பியது: அதிகமாக அழித்துவிட்டீர்கள், ஒரு மணி நேரம் பொறுக்கவும்.

வேறு வழியில்லாமல் ஒரு அறிவிப்புப் போட்டான். 'அந்த எண்கள் தவறு. தயவுசெய்து யாரும் அங்கே போக வேண்டாம்.'

பத்தாவது நிமிஷம் கடை நிரம்பியது.

"இரை மீன் தீர்ந்துபோச்சு" என்றாள் லொரெய்ன். "பனி துளைக்கிற மெஷின் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அதுக்கும் ரெண்டு பேர் சண்டை. எப்படிய்யா இவ்வளவு நல்லா விளம்பரம் எழுதற?"

அப்போதுதான் வெண்டலுக்கு உறைத்தது. முதல் நிரலை அவன் நிறுத்தவே இல்லை. அது இன்னும் பழைய மாதிரியே, இடத்தோடுதான் பதிவிடும்.

கணினி 'டிங்' என்றது. கார்டியின் இன்றைய படம். பனி, ஆறு மீன், பூட்ஸ், அடியில் அதே எண்கள். எடுத்த நேரம்: இப்போது.

கடையில் ஒரே சமயத்தில் எல்லார் போனும் சிணுங்கியது. அடுத்த நிமிஷம் கடை காலி. வெளியே வண்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டு கிளம்பின.

"டேல் வேலை போனப்ப வழியனுப்ப நான் ஒரு கேக் கூட வாங்கல" என்றாள் லொரெய்ன். "உனக்கு வாங்கறேன். சாக்லேட்டா, வெனிலாவா?"

வெண்டல் மேஜையைக் காலி செய்ய அட்டைப்பெட்டி தேடினான். தன் கோப்பையை உள்ளே வைக்கும்போது போன் வந்தது. ஆர்விட்.

"கார்டி ரொம்பக் கோபமா இருக்காரா?" என்று கேட்டான் வெண்டல்.

"கோபமா? அதுக்கு அவனுக்கு எங்க நேரம்? நாங்க முப்பது வண்டி வந்து நிக்கிறோம், இங்க ஏரியே இல்லப்பா. பக்கத்து ஊர் மீன் கடையோட பார்க்கிங். கார்டி இப்பதான் ஆறு மீனையும் திரும்பப் பைக்குள்ள போட்டுக்கிட்டிருக்கான்."